மிஸஸ் முருகேசனும் மிஸ்டர் ராமசாமியும்

கல்யாணமான பெண் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கிடையாது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2017 ஏப்ரலில் பிரதமரே, கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றத் தேவையில்லை என்று ஒரு மகளிர் கூட்டத்தில் பேசிவிட்டார். ஆனால் எங்கள் பெரியப்பா அப்படிச் சொல்லவில்லை. 1990களில் ஒருமுறை சிங்கப்பூர் போய்வந்தவர் அவர். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் அவர்தான் வெளியுறவுத் துறை.

"பேரு மாத்தலைன்னா ஏர்போர்ட்ல புருஷன் பொண்டாட்டியத் தனித்தனியா உக்கார வெச்சுக் கேள்வி கேப்பான், தெரியும்ல?"

"பிரதமரே வேண்டாம்னு சொல்லியிருக்காரு பெரியப்பா."

"அவரு சொன்னது கவுன்டர்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணுமே!"

இதற்கு எதிர்வாதம் கிடையாது. பாஸ்போர்ட்டின் பத்து வருடக் கெடுவும் முடியப் போகிறது, இரண்டு வேலையையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று.

மேலே போவதற்குமுன் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கயல்விழி. அப்பா சுப்பிரமணியன். வீட்டுக்காரர் முருகேசன். மாமனார் ராமசாமி. எல்லாமே இந்தக் கட்டுரைக்காக நான் வைத்த பெயர்கள்தான். பயப்படாதீர்கள், இதற்குச் சான்றிதழ் யாரும் கேட்கப் போவதில்லை.

ஊரில் நான் எஸ். கயல்விழி. அந்த ஓர் எழுத்தோடு பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை எல்லாம் முடிந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பம் இனிஷியலை ஒத்துக்கொள்ளாது. கிவன் நேம் என்று ஒரு கட்டம், சர்நேம் என்று ஒரு கட்டம். சர்மாவும் பட்டேலும் பேனாவை எடுத்த மாத்திரத்தில் நிரப்பிவிட்டுப் போகிற கட்டம் அது. நமக்கு அங்கே எழுத எதுவும் இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதே என்றது. நம் தாத்தாக்கள் வெட்டி எறிந்தார்கள். நல்ல காரியம். வெட்டிய இடம் மட்டும் இன்னும் காலிக் கட்டமாக நின்று நம்மை முறைக்கிறது.

காலியாகவே விடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் பஞ்சாங்கம் பார்த்து வைத்த பெயர் போய், மிஸ்டர் எஃப்என்யூ ஆகிக் கடிதம் வாங்குகிற தமிழர்கள் அங்கே நிறைய உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருகிறவர்களுக்கு அனுமதியில்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் வரலாம் என்று இறங்கிவந்தது.

அதனால் கல்யாணத்துக்கு முன்பே நான் கயல்விழி சுப்பிரமணியன். வெளிநாட்டுக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது ஓட்டலில், டாக்ஸியில், கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில், எங்கு பார்த்தாலும் சுப்பிரமணியன். "குட்மார்னிங் சுப்பிரமணியன்" என்று வெள்ளைக்காரர் கைகுலுக்கும்போது, பின்னால் அப்பா வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். திருப்பதியைத் தாண்டாத அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "நான் போகாட்டி என்ன, என் பேரு போயிருச்சுல்ல" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவரை இறக்கிவிட்டு முருகேசனை ஏற்ற வேண்டும். நான் கயல்விழி முருகேசன் ஆகிறேன். எங்கள் மகளுக்கு ஏற்கெனவே முருகேசன். சரி, குடும்பத்தில் எல்லோரும் ஒன்று என்று நினைத்தால், முருகேசன் அங்கே இல்லை. அவர் தம் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டு ராமசாமியாக நிற்கிறார்! தாளை வைத்துப் பார்த்தால் நானும் என் மகளும் அக்கா தங்கை, அப்பா பெயர் முருகேசன். கூட வருகிற ராமசாமி யாரென்று தெரியவில்லை.

"அப்ப நானும் ராமசாமின்னே போட்டுக்கவா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேண்டாம். எனக்குத் தங்கச்சி மாதிரி ஆயிடும்."

ஆக முருகேசன். ஆதாரில் மாற்ற வேண்டும், பான் கார்டில் மாற்ற வேண்டும், பேங்கில் மாற்ற வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவரிடம் முதலில் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆதாரில் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயர் மாற்றலாம். கல்யாணத்துக்கு ஒன்று செலவாகிவிட்டது. மீதி ஒன்றை எதற்கு வைத்திருக்கிறேன் என்று அவ்வப்போது வீட்டில் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. அது பத்திரமாக இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தது. தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், தாலி கட்டிய கையோடு அந்த வேலையை முடித்திருந்தோம். இணையத்தில் விண்ணப்பித்தேன். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000. அறுபதே இருக்கட்டும் என்றேன். "இதுவரைக்கும் எத்தனை பக்கம் முத்திரை விழுந்திருக்கு?" என்றார் முருகேசன். 36 பக்கத்தோடு நின்றுவிட்டது.

பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் டோக்கன் கொடுத்து ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்களுக்கு அனுப்புகிறார்கள். ஏ-யில் போட்டோவும் கைரேகையும். சிரிக்கக் கூடாது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு அந்த நிபந்தனை எனக்குச் சிரமமாக இல்லை. பி-யில் சரிபார்க்கும் அதிகாரி ஒரு பெண்மணி. பழைய புத்தகத்தையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுப்பிரமணியன் உங்க அப்பாவா?"

"ஆமா மேடம்."

"எடுத்துரலாமா?"

பல்லைப் பிடுங்குவதற்குமுன் டாக்டர் கேட்கிற அதே குரல். எடுத்துவிடலாம் என்றேன். சும்மா இருக்காமல், "நீங்க கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தினீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு மாத்தணும்?" என்றவர், தலை நிமிராமலே "அடுத்து சி கவுன்டர் போங்க" என்றார்.

பிறகு போலீஸ் விசாரணை. வந்தவர் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கயல்விழி முருகேசன் எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்று பாட்டி அடித்துச் சொல்லிவிட்டார். வருடக்கணக்காக என்னிடம் கறிவேப்பிலை வாங்குகிற பாட்டிக்கு நான் "மாடி வீட்டுப் பொண்ணு". அதையே சர்நேமாகப் போட்டிருந்தால் விசாரணை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

புதுப் புத்தகம் தபாலில் வந்தது. பழையதை மூலை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிப் போடவும் முடியாது. அதில் ஒட்டிய விசாவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. எனவே வெளிநாடு போகும்போது சுப்பிரமணியன் புத்தகம், முருகேசன் புத்தகம், இருவருக்கும் நடுவே சாட்சியாகக் கல்யாணச் சான்றிதழ் என எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போகிறேன்.

பெயர் மாற்றியபின் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணத்தில், ஓட்டல் வரவேற்பில் இருந்த பையன் இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தான். மிஸ்டர் ராமசாமி, மிஸஸ் முருகேசன், ஒரே அறை. ரொம்ப நாகரிகமான பையன், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேண்டுமென்றால் தனித்தனி அறையாகப் போட்டுத் தரட்டுமா சார்?" என்றான். கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டதால் நான் பிறன்மனை ஆகியிருந்தேன். சுப்பிரமணியனாகவே போயிருந்தால் வெறும் ஒன்றாக வந்த இருவர் என்று விட்டிருப்பான்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பையன் தமிழ்ப் பையனா இருந்திருந்தா புரிஞ்சிருக்கும்" என்றார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் பெயரைப் பதிய விண்ணப்பத்தில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே எழுதினால் போதும், உங்கள் பெயரில் கைவைக்க வேண்டியதில்லை. மீறி மாற்றுவதாக இருந்தால், தேனிலவு டிக்கெட்டை எந்தப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.