உருளாத பெட்டிகளின் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: நகர நடைபாதைகளைச் சக்கரப் பெட்டிச் சோதனைக்கூடமாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

சக்கரம் வைத்த சூட்கேஸ் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் பெட்டியைப் பற்றியவை. ஏபிஎஸ் ஓடு அடிபட்டால் விரிசல் விடும், பாலிகார்பனேட் நெளிந்து மீளும். சக்கரம் கெட்டி பிளாஸ்டிக்காக இல்லாமல் பாலியூரித்தேனாக இருக்கட்டும், உள்ளே பேரிங் இருக்கட்டும். ரிவிட் அடித்ததை விட்டுத் திருகாணி போட்டதாகப் பார்த்து எடுத்தால், சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அத்தனையும் நல்ல யோசனை. நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு, மேடுகள் பதித்த சுழல்பட்டையில் பாரம் ஏற்றிய பெட்டியைக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் விற்கின்றன. இருந்தும் சென்னையில் ஒரு பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைச் செய்தவர் அல்ல, தாங்கள்தான். இந்தப் பெருமைக்குத் தாங்கள் இதுவரை உரிமை கோராதது தன்னடக்கம் என்றே கொள்கிறோம்.

கணக்கு எளிது. நான்கு சக்கரப் பெட்டியின் சக்கரம் சுமார் 5 செ.மீ. விட்டம் கொண்டது, அதாவது ஆரம் 2.5 செ.மீ. ஆரத்தின் உயரத்துக்கு ஒரு படி குறுக்கிட்டால், கிடைமட்டமாக எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் ஏறாது. இது பள்ளிக்கூட இயற்பியல். பாதி உயரமே, ஒன்றேகால் சென்டிமீட்டரே இருந்தாலும் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு விசை வேண்டும். அதைக் கைப்பிடியில் கொடுத்தால் பெட்டி குப்புற விழும். மணல் படுகை மழையில் அரித்துப்போய் ஒரு பேவர் பிளாக் அமிழ்ந்தாலோ, வடிகால் மூடி தளத்தைவிடத் துருத்தி நின்றாலோ ஒன்றேகால் சென்டிமீட்டர் தாராளமாகக் கிடைத்துவிடும். சாய்த்து இழுக்கும் இருசக்கரப் பெட்டி தேவலை. அதன் சக்கரம் சற்றுப் பெரிது, இழுக்கும் கையும் பாரத்தில் கொஞ்சம் தூக்குகிறது. ஆகவே கரடுமுரடான தெருவுக்கு இரண்டு பெரிய சக்கரம் என்பதே சரியான தேர்வு. நடைபாதை முடிந்து தெரு குறுக்கிடும் இடத்தில் அந்தச் சரியான தேர்வும் முடிந்துவிடுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி நடைபாதையின் விளிம்புக்கு 15 செ.மீ. உயரத்தை உச்சவரம்பாக வைக்கிறது, சக்கரங்களுக்காகச் சரிவும் கேட்கிறது. சரிவை மறந்துவிட்டு உச்சவரம்பை மட்டும் கடைப்பிடித்தால்கூட, அதில் ஏற 30 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள சக்கரம் தேவை. அந்த அளவில் நம்மிடம் இருப்பது ஸ்கூட்டர். நடைபாதையில் ஸ்கூட்டர்கள் ஏறுகின்றன என்று குறைபட்டுக்கொள்கிறோமே, அந்த விளிம்பு வேறு எந்தச் சக்கரத்துக்கு இடம் கொடுத்தது?

எழக்கூடிய ஆட்சேபங்களை நாங்களே எழுப்பிவிடுகிறோம். ஸ்கூட்டரைத் தடுக்கத்தான் குட்டைத் தூண்கள் நட்டிருக்கிறோம் என்பீர்கள். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், முன்னதை உண்மையாகவே தடுக்கும் இடைவெளி பின்னதையும் தடுக்கும். பெட்டிக்காரராவது கையால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மின்வாரியமும் குடிநீர் வாரியமும் தோண்டிப்போட்டால் நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். தோண்ட அனுமதி தருவதும் சீரமைக்கப் பணம் வாங்குவதும் மாநகராட்சி அல்லவா? பெட்டியோடு வருபவர் ஆட்டோ பிடிக்கலாமே என்பது மூன்றாவது. மெட்ரோ நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வர எத்தனை ஆட்டோக்காரர்கள் சம்மதிப்பார்கள் என்பதைத் தங்கள் ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். பணமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை 2014-இல் ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னதே இந்த மாநகராட்சிதான். 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற, சமதளமான நடைபாதை போட்டுக் காட்டியதும் இதே மாநகராட்சிதான். செய்யத் தெரியாது என்ற சாக்கும் அன்றோடு போயிற்று. வெனிஸ் நகர நிர்வாகம் 2014-இல் பெட்டிச் சக்கரங்களின் சத்தம் தாளாமல் கெட்டிச் சக்கரத்துக்குத் தடை போடப் பார்த்தது. அந்தத் தொல்லை இங்கே கிடையாது. சத்தம் போடுவதற்குச் சக்கரம் முதலில் உருள வேண்டும்.

ஆகவே கோரிக்கை இரண்டு. ஒன்று, உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டு வருமானம் பாருங்கள்: எந்த நிறுவனமும் தன் பெட்டியைத் தங்கள் நடைபாதையில் இழுத்துக் காட்டி, மிஞ்சினால் ‘சென்னை தாங்கியது’ என்ற முத்திரையைக் கட்டணம் கட்டிப் பெறட்டும். அது வேண்டாமென்றால், நடைபாதை ஒப்பந்தங்களில் ஒரு வரி சேருங்கள். இறுதிப் பில்லில் கையெழுத்திடும் பொறியாளர் 20 கிலோ ஏற்றிய நான்கு சக்கரப் பெட்டியை, எங்கும் தூக்காமல், அந்த நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கையால் தள்ளிச் செல்ல வேண்டும். குறுக்குத் தெருக்களும் இதில் சேர்த்தி. வெள்ளோட்டத்தை ரிப்பன் மாளிகை வாசலிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் சென்ட்ரல் நிலையம் வரை வைத்துக்கொள்ளலாம். பெட்டியை நாங்கள் தருகிறோம், நான்கு சக்கரத்தையும் எண்ணிப் பார்த்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு.

இப்படிக்கு,
பெட்டியைத் தூக்கிச் சுமக்கும் வரி செலுத்துவோர்