குரங்குக்கு இல்லாத கொழுப்பு

கே: குரங்குகள் நாள் முழுக்கத் தாவுகின்றன, ஒல்லியாக இருக்கின்றன. நாமும் ஓடியாடினால் அப்படி ஆகிவிடுவோம்தானே?
(வாசகர், திண்டுக்கல்)

ப: ஓடியாடுங்கள், நல்லது. ஆனால் அந்த ஒல்லி நமக்கு வாய்க்காது. தான்சானியாவின் ஹட்ஸா மக்களில் பலர் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைப்பவர்கள். தினமும் மணிக்கணக்கில் நடப்பவர்கள். அந்தப் பெண்களின் எடையிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புதான். மிருகக்காட்சிசாலையில் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடும் சிம்பன்சியோ பொதுவாக 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சிம்பன்சியின் நெருங்கிய உறவான பொனோபோ இன்னும் ஒல்லி. ஜில்மன், போல்ட்டர் என்ற இரு அமெரிக்க மானுடவியலாளர்கள் இறந்துபோன 13 பொனோபோக்களின் உடலைக் கூறுகூறாகப் பிரித்து எடைபோட்டு, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களிடம் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. பெண்களிடம் சராசரியாக 4 சதவீதத்துக்கும் கீழே.

கே: சொந்தக்காரர்களிடம் இல்லாத சொத்து நமக்கு மட்டும் எதற்கு?
(வாசகர், மதுரை)

ப: தலையைத் தொட்டுப் பாருங்கள். நம் மூளை சிம்பன்சியின் மூளையைப் போல மூன்று மடங்கு. உடல் எடையில் அதன் பங்கு 2 சதவீதம். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. பஞ்ச காலத்தில் தசைக்கு ஓய்வு கொடுக்கலாம், வளர்ச்சியைத் தள்ளிப்போடலாம். மூளைக்குச் சில நிமிடம்கூட விடுமுறை கிடையாது. மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2016-ல் காட்டியது இது: உடல் அளவின் வித்தியாசத்தைக் கழித்த பிறகும், மனிதர் சிம்பன்சியைவிட நாளொன்றுக்குச் சுமார் 400 கலோரி கூடுதலாக எரிக்கிறார்கள். செலவு பெரிதென்றால் கையிருப்பும் பெரிதாக வேண்டும். மழை பொய்க்கும், வேட்டை சிக்காது, காய்ச்சலில் வாய் கசக்கும். அந்த நாட்களுக்காக உடம்பு கட்டிவைத்த குதிர்தான் கொழுப்பு. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். பட்டினி நீண்டால் கல்லீரல் அதைக் கீட்டோன்களாக்கி மூளைக்கு அனுப்பிவிடும்.

கே: நம் முன்னோர் தண்ணீரில் வாழ்ந்ததால் வந்த கொழுப்பு என்கிறார்களே?
(வாசகர், நாகப்பட்டினம்)

ப: 1960-ல் அலிஸ்டர் ஹார்டி என்ற கடல் உயிரியலாளர் சொன்னது. கேட்க அழகான கதை. புதைபடிவங்கள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

கே: என் பேரனுக்குப் பிறந்த சில மாதத்திலேயே தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக. பச்சைக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு கொழுப்பு?
(ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

ப: விஷயமே உங்கள் பேரன் தொடையில்தான் இருக்கிறது, அம்மா. மனிதக் குழந்தை பிறக்கும்போதே சுமார் 15 சதவீதம் கொழுப்போடு வருகிறது. பாலூட்டிகளில் இவ்வளவு கொழுகொழுவென்று பிறப்பவை மிகச் சில. குளிர் தாங்கத்தான் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1998-ல் மானுடவியலாளர் கிறிஸ்டோபர் குசாவா வேறொரு கணக்கைக் காட்டினார்: பச்சைக் குழந்தை செலவழிக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. முதல் சில நாள் தாயிடம் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அப்புறம் பால் மறக்கும் காலம். பேதி, சளி, காய்ச்சல் எல்லாம் வரிசையாக வரும் காலம். குழந்தை சாப்பிடாமல் படுத்திருக்கும்போதும் மூளை வளர்ந்தாக வேண்டும். அதனால்தான் முதல் ஆறேழு மாதத்துக்குள் கொழுப்பு 25 சதவீதம் வரை ஏறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரன் அஞ்சு வயதில் இளைத்து, விலா எலும்பு தெரிய ஓடுவான். பயப்படாதீர்கள். ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அந்த வயதில் மூளை இழுத்துக்கொள்கிறது என்று 2014-ல் குசாவா குழுவினர் அளந்து சொன்னார்கள். உடல் வளர்ச்சி மெதுவாவதும் அப்போதுதான். சுறுசுறுப்பாக விளையாடுகிறானா என்று பாருங்கள். சோறு ஊட்ட மல்லுக்கட்ட வேண்டாம்.

கே: வயிறு குறைந்தாலும் இடுப்பும் தொடையும் குறைவதே இல்லை. பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?
(வாசகி, கோவை)

ப: தண்டனை இல்லை, பிள்ளைக்கு எடுத்துவைத்த பங்கு. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டிஹெச்ஏ என்ற கொழுப்பமிலம் தாய்ப்பாலில் போகிறதே, அதில் பெரும்பங்கு அன்றைய சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. தாயின் சேமிப்பிலிருந்து வருகிறது. சேமிப்பு மிகவும் இறங்கிவிட்டால் கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறையும், மாதவிலக்கே நின்றுபோகும். 1994-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த ஹார்மோன் இது. உங்கள் தொடையைப் பற்றி யாராவது கேலி பேசினால், அவருடைய மூளையும் ஒரு தாயின் தொடையிலிருந்து வந்ததுதான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கே: இவ்வளவு நல்ல கொழுப்பு என்றால், ஒல்லியான என் கணவருக்குச் சர்க்கரை வந்தது எப்படி?
(வாசகி, திருநெல்வேலி)

ப: புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதைப் பிறப்பிலிருந்தே தேடினார். அங்கே கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2004-ல் யாஜ்னிக், தன்னையும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய படம் ஒன்றை லான்செட் இதழில் வெளியிட்டார். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம்: உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குச் சர்க்கரை வருவது இப்படித்தான். ஆகவே எடை பார்க்கும் மெஷின் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். தையல் டேப்பை எடுத்து வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் வயிற்றுச் சுற்றளவை அளந்துவிடுங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால், ஒல்லியாகத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.