பேரு பொறவு வைக்கலாம் மக்கா

எலே மக்கா, வா, இரி. சிந்துவெளி முத்திரைய ஒரே ராத்திரியில படிச்சு முடிச்சிட்டேன்னு ஒங்கம்மை சொன்னா. கொள்ளாம்! நூறு வருசமா ஆளாளுக்கு மண்டைய ஒடைச்ச காரியத்த, நீ ஒரு கொசுவத்தி எரிஞ்சு தீருமுன்ன முடிச்சிட்டே. படிச்சுக் காட்டுதவனுக்கு பத்து லச்சம் டாலர்னு 2025 ஜனவரியில முதலமைச்சர் ஸ்டாலின் சொன்னாருல்லா, அந்தப் பணம் இந்தா வருதுன்னு ஒங்கம்மை அடுக்களைக்கு டைல்ஸ் பாத்து வச்சிருக்கா.

நோட்ட இஞ்ச காட்டு. மீன் படம் இருக்கு, அதனால கடல். ஜாடி இருக்கு, அதுக்குள்ள மணல். ஆகமொத்தம் மணவாளக்குறிச்சி! அடேயப்பா, நாலாயிரம் வருசத்துக்கு முன்னயே நம்ம ஊருக்கு லோடு சொல்லி எழுதியிருக்கான். லாரி நம்பரு போடலியா?

மணவாளன்னா மாப்பிள்ளல்லா பிள்ளே. ஊருல மணல் கம்பெனி இருக்குன்னு ‘மணல்’ங்கிற எடத்துல வெட்டிப்போட்டே. பொருள மனசுல வச்சுக்கிட்டு சொல்ல வெட்டுனா, அருவா அந்தப் பக்கந்தான் சாயும்.

பொருள் தெரியாம எப்பிடி வெட்டுததுன்னு கேக்கியா? ஒரு வடக்கத்தியான பஸ்சுல ஏத்தி நம்ம பக்கமெல்லாம் சுத்த விடு. தமிழ் ஒரு எழுத்து தெரியப்பிடாது. கண்ட பலகையெல்லாம் கோலம் மாதிரி வரைஞ்சுக்கிட்டு வரட்டும். அம்மாண்டிவிளை, சின்னவிளை, பெரியவிளை. அந்திக்குள்ள கடைசி ரெண்டு எழுத்து ஒண்ணுபோல இருக்குன்னு கண்டுபிடிச்சிருவான். விளைன்னா தோப்பா, வீடா, அவனுக்குத் தெரியாது. ஆனா தலை எது வால் எதுன்னு பிரிச்சிட்டாம் பாத்தியா?

ஐராவதம் மகாதேவன் செஞ்ச வேலையும் இதாக்கும். ஐ.ஏ.எஸ். உத்தியோகம் பாத்த மனுசன். கெடைச்ச எழுத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி 1977ல தொல்லியல் துறை மூலமா புத்தகமாப் போட்டாரு. 2,906 பொருள், 417 குறி. எந்தக் குறி எதுக்குப் பக்கத்துல நிக்கி, மொதல்ல வருதா கடைசியில வருதான்னு வரிசை போட்ட அட்டவணை. ஒன் ஜாடி மட்டும் மொத்தத்துல பத்துல ஒரு பங்கு. அதுவும் பெரும்பாலும் கடைசியிலதான் குத்தவச்சிருக்கும்.

கடைசின்னா எந்தப் பக்கம்னு தெரியுமா? நீ எடப்பக்கமிருந்துல்லா படிச்சிருக்கே! அவன் வலப்பக்கமிருந்து எழுதினவன். தொல்லியல்காரரு பி.பி. லால், காளிபங்கன்ல தோண்டியெடுத்த பானை ஓட்டுல எந்தக் கீறலுக்கு மேல எந்தக் கீறல் ஏறியிருக்குன்னு பாத்துச் சொன்னாரு. சில முத்திரைய குத்தின அச்சுல எடப்பக்கம் எழுத்து நெருங்கிக் கெடக்கும். சாயக்கடைக்குப் பலகை எழுதுனவன் ‘டீ ஸ்டால்’ல ‘ல்’லுக்கு எடமில்லாம மூலையில திணிச்சான்லா, அது மாதிரி. எடம் எங்க முட்டுதோ அங்கதான் எழுத்து முடியுது.

2010ல நிஷா யாதவ்னு ஒரு ஆராய்ச்சிக்காரியோட கூட்டம் இன்னொரு கணக்கு போட்டுது. வரி தொடங்குத எடத்துல நூத்துக்கு எண்பது பங்கு வரணும்னா 82 குறி வேணும். முடியுத எடத்துக்கு 23 போதும். கல்யாணக் கடுதாசி உறையப் பாரு. முன்னால ஆயிரம் பேரு, பின்னால ‘அவர்கள்’ ஒண்ணுதான். வாலு சில, தலை பல. நம்ம தமிழுக்கும் வேற்றுமை உருபு பின்னாலதான் ஒட்டும். ஒடனே ‘அப்பம் அது தமிழ்தான்’னு சாடாதே! வால் உள்ளதெல்லாம் ஒங்க வீட்டுப் பூனையா? மொழியே இல்ல, வெறும் அடையாளக் குறிதான்னு ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் மூணுபேரும் 2004ல எழுதியாச்சு. வரிக்கு சராசரி அஞ்சு குறி. அஞ்சு குறியில என்னத்தச் சண்ட போட்டு ஜெயிக்க?

வால் பிரிச்சா போதும்னும் நெனைக்காதே. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல வாய்னிச் சுவடின்னு ஒண்ணு கெடக்கு. தோலு 1404க்கும் 1438க்கும் நடுவுல உள்ளதுன்னு கார்பன் சோதனை சொல்லுது. சொல்லுக்கு நடுவுல எடம்கூட விட்டு எழுதியிருக்கான். டில்ட்மேன்னு ஒரு வெள்ளக்காரன், ரகசிய எழுத்து ஒடைக்கதுல கெட்டிக்காரன், தலை இது வால் இதுன்னு சொல்லப் பிரிச்சும் காட்டிட்டான். ஆனா ஒரு வரியும் இன்னும் ஒருத்தனுக்கும் படிஞ்சபாடில்ல.

இனி ஒனக்கு ஒரு ரகசியம். மகாதேவனுக்கு முன்னயே நம்ம ஊரு இந்த வேலைய செஞ்சுது, மணலுல. திருவிதாங்கூரு கயித்துல ஒட்டிக்கிட்டுப் போன மண்ணு மினுங்குததப் பாத்து, 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரன் அதுல உள்ள மோனசைட்டுங்கிற தாதுவ கண்டுபிடிச்சான். எல்லாவனும் கயித்தப் பாத்தான், இவன் அழுக்கப் பாத்தான்.

மணல் கம்பெனியில எப்பிடிப் பிரிக்கான்? மணிய எடுத்து ‘ஓம் பேரென்ன’ன்னு கேக்கானா? மின்சாரத்த காட்டுதான். இல்மனைட்டும் ரூட்டைலும் கரண்ட கடத்தி விட்டுட்டு உருளைய விட்டு விலகி விழும். மோனசைட்டும் சிர்க்கானும் ஒட்டிக்கிட்டு நிக்கும். பொறவு காந்தம். இல்மனைட் ஓடி வரும், ரூட்டைல் திரும்பியும் பாக்காது. பலமான காந்தமாயிருந்தா மோனசைட் கொஞ்சம் மயங்கும், சிர்க்கான் அசையாது. இருக்குத குணத்த வச்சு ஆளப் பிரிக்கது. பேரு அதுக்குப் பொறவு.

நீ என்ன செஞ்சே? பிரிக்காமலே பேரு வச்சே. பெண்ணு பாக்கப் போகல, பிள்ளைக்குக் காதுகுத்து.

அழாதே. ஒண்ணு செய்யி. முத்தத்துல ஒரு பிடி கருமணல் வச்சிருக்கேன். காந்தத்துண்டும் கெடக்கு. குணம் பாத்து குவியல் குவியலாப் பிரிச்சு வையி. அந்திக்கு வந்து எண்ணிப் பாப்பேன். ஒரு குவியலுக்காவது பேரு எழுதி வச்சிருந்தேன்னா, எனக்குச் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் ஒன் செலவு. டாலர்ல தரவேண்டாம், சில்லறையா குடு.