வழித்துணையியல்: எழுவான்கரைத் தார்வீதியில் இருவர் நடப்பது குறித்த ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரையைப் பற்றி எழுதியவர்கள் முருகனை எழுதினார்கள், வள்ளியை எழுதினார்கள், வேடரையும் விடவில்லை. பக்கத்தில் நடந்துவரும் ஆளை மட்டும் விட்டுவிட்டார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரை நெடுகிலும் ஒரே முதுகைப் பார்த்தபடி நடப்பவருக்கு என்ன நேர்கிறது? இந்தப் பெருங்குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், வடக்கே வெருகலாறு தொடங்கித் தெற்கே கல்லாறு வரையான மட்டக்களப்புப் பகுதி. உகந்தைக்கு அப்பால் உள்ள குமண, யால காடுகளை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறோம். யாத்திரையின் சிகரம் அதுதானே என்று அடியார்கள் மனம் வருந்தலாம். ஆனால் அங்கே யானையும் கரடியும் உண்டு. யானை உலாவும் இடத்தில் இரண்டு மனிதர் ஒட்டி நடப்பதில் ஆராய ஒன்றுமில்லை. மட்டக்களப்பு வீதியிலோ யானையும் இல்லை, நிழலும் இல்லை, கச்சான் காற்று முகத்தில் அனலை வாரி இறைக்கிறது, கால் வைக்கும் இடமெல்லாம் தார். துணையின் தரம் தெரிவது இங்கேதான். போர்க் காலத்தில் இதே வீதியில் நடந்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் துணை என்பது வேறு பொருள் கொண்டது; அதை இந்த ஆய்வின் தராசில் வைக்க மாட்டோம்.

மட்டக்களப்பார் பலர் சந்நிதிவரை போவதில்லை. யாத்திரை தம் பக்கம் வரட்டும் என்று பார்த்திருந்து, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலடியில் சேர்ந்துகொள்வார்கள். அப்படிச் சேரும் சோடிகளில் மாதிரிக்கு ஒன்றை எடுப்போம். முதலாமவரை அ-சாமி என்றும் இரண்டாமவரை ஆ-சாமி என்றும் குறிப்பிடுவோம். இது ஆய்வு மரபு. இரண்டாவது பெயரில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆ-சாமி, அ-சாமியின் அக்காவை மணந்தவர். இப்பகுதி வழமைப்படி, அக்காவுக்குச் சீதனமாகப் போன வீட்டில் குடியிருப்பவர். அந்த வீட்டில் தான் பிறந்து வளர்ந்ததை அ-சாமி எதிர்பாராத இடங்களில் நினைவுகூர்வார்.

ஊரில் இவர்கள் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்பவர்கள். வேட்டி கட்டி, நீறு பூசி, வேலுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியதும் இருவரும் ‘சாமி’ ஆகிவிடுகிறார்கள். இங்கேதான் நமது முதல் கண்டுபிடிப்பு. ‘மச்சான், ஓடாத, நில்லு’ என்பது அன்பு. ‘சாமி, கொஞ்சம் மெதுவாப் போங்க’ என்பது எச்சரிக்கை. ‘சாமி, நீங்க முன்னுக்குப் போங்க, நான் மறுகா வாறன்’ என்பது போர்ப் பிரகடனம். மரியாதை ஏற ஏற உறவு இறங்குகிறது. பன்மை விகுதிகளை எண்ணினாலே ஒரு சோடி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்; முகத்தைப் பார்க்கவே தேவையில்லை.

இவ்வளவுக்கும் காரணம் வேகம். சோடியின் வேகம் என்பது மெதுவாக நடப்பவரின் வேகம். இதில் கருத்து வேறுபாடு இல்லை. மெதுவாக நடப்பவர் யார் என்பதில்தான் உண்டு. அ-சாமி வேகமாக நடப்பார், ஆனால் காணும் கடையிலெல்லாம் பிளேன்ரீக்கு உட்காருவார். ஆ-சாமி எங்கும் உட்காரார், ஆனால் நடப்பது தெரியாது. மாலையில் ஒரே நேரத்தில் ஒரே மண்டபத்துக்கு வந்து சேரும் இருவரும், மற்றவருக்காகவே தாம் தாமதித்ததாக மனதார நம்புகிறார்கள்.

இந்தப் பூசலைத் தணிப்பது மூன்றாமவர் ஒருவர்: வீதியோரம் நிற்பவர். பனிச்சங்கேணியில் நின்று வாழைச்சேனைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், ‘இந்தா, ரெண்டு கட்டைதான் சாமி’ என்பார். மாங்கேணியில் கேட்டாலும் ரெண்டு கட்டை. காயான்கேணியில் கேட்டாலும் அதே ரெண்டு கட்டை. வீதிக்கல்லில் கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் மக்கள் வாயில் கட்டை அசையவில்லை. சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்கக்கூடாது. களைத்து வருபவரிடம் உண்மையான தூரத்தைச் சொல்ல மனம் வராத கருணை அது. தனியே நடப்பவர் இந்தக் கருணையால் நொந்துபோவார். இருவராக நடப்பவர்களோ சேர்ந்து சொன்னவரைத் திட்டுவார்கள். சித்தாண்டி வரும்வரை அவர்களுக்குள் பூரண சமாதானம்.

அடுத்தது பொதி. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டி 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் நடைபாதை ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி, வீட்டில் தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டு, சாதாரணக் கன்வஸ் சப்பாத்தோடு அதைத் தனியே நடந்து முடித்தார். துணைப் பிரச்சினைக்கு உலகம் கண்ட மிகச் சுருக்கமான தீர்வு அது. நமது யாத்திரையிலும் அவருக்கு நிகரான ஆச்சிமார் உண்டு: ஒரு மாற்றுச்சேலை, நீற்றுப்பை, வாய் நிறைய அரோகரா. ஆ-சாமி அந்த வகை அல்ல. அவருடைய பொதியில் பாய், துவாய், டோர்ச், பிளாஸ்க், சித்தாலேப, மாற்றுப் பாட்டாச் செருப்பு எல்லாம் இருக்கும். செங்கலடி தாண்டும்வரை அ-சாமி இதைப் பரிகசிப்பார். அன்றிரவு குதிக்காலில் கொப்புளம் கண்டதும் சித்தாலேப யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பார்.

ஆனாலும் பொதியின் மெய்யான பயனை உணர்வது கிணற்றடியில். தனியே வந்தவர் குளிக்கும்போதும் ஒரு கண்ணை மூட்டையில் வைத்திருக்க வேண்டும். சவர்க்காரம் போட்டபின் அந்தக் கண்ணும் பயன்படாது. அன்னதானப் பந்தலிலும் இதே சங்கடம். மூட்டையோடு வரிசையில் நின்றால் கையில் இடமில்லை. மூட்டையை வைத்துவிட்டு நின்றால் மனதில் இடமில்லை. இருவர் என்றால் ஒருவர் காவல், ஒருவர் குளிப்பு, பின்பு மாறிக்கொள்ளலாம். இறைவன் துணைக்கு வருவான் என்று பக்தி நூல்கள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. எனினும் மாமாங்கக் குளத்தில் முங்கப் போகும்போது மூட்டையைப் பார்த்துக்கொள்ள மச்சான்தான் தேவைப்படுகிறார்.

கல்லடிப் பாலம் தனி அத்தியாயம். 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் கீழே, நிலவு நாளில் மீன் பாடும் என்பது உலகறிந்த செய்தி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவியில் இந்த இடத்தில்தான் சோடிகளின் நம்பிக்கை சோதிக்கப்படுகிறது. அ-சாமி கம்பியில் காதை வைத்து, ‘கேக்குது, கேக்குது’ என்பார். ஆ-சாமிக்குக் கேட்பது அ-சாமியின் மூச்சு மட்டும். கேட்கவில்லை என்று சொன்னால் பக்தியில் குறை. கேட்டது என்றால் பொய். அனுபவமுள்ள துணை இந்த இடத்தில், ‘காத்து அடிக்குது சாமி, சரியா விளங்கல்ல’ என்று சொல்லி நடையைக் கட்டும். இம்மறுமொழியைப் புதியவர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

பேச்சைப் பற்றிய நமது முக்கிய முடிபுக்கு வருவோம். செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டியே பூசை செய்கிறார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூரிலும் வாய்கட்டிப் பூசைதான். கதிர்காமத்தில் பூசகரான கப்புறாளையும் வாயைக் கட்டிக்கொண்டே உள்ளே போகிறார். இது தூய்மை கருதிய வழக்கம் என்பர். இருக்கலாம். ஆனால் வாய்கட்டிய கோயிலில் தொடங்கி வாய்கட்டிய கோயிலில் முடியும் ஒரு வழியை வகுத்த முன்னோர், இடையில் வாய்கட்டாத மச்சானோடு நடந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஓந்தாச்சிமடத்துக்கும் கல்லாற்றுக்கும் இடையே, இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் வாவியுமாக நிலம் ஒடுங்கும் இடத்தில், சீதனவீட்டு வேலியின் எல்லை பற்றி ஆ-சாமி பேச்செடுக்கும்போது இக்கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது. விலகி நடக்க அங்கே வேறு வீதி இல்லை.

ஆய்வின் எல்லைகளையும் குறிப்பிட வேண்டும். வாரக்கணக்கில் நடந்த இவர்கள் கதிர்காமத்தில் தீர்த்தம் முடிந்ததும் பஸ் ஏறி ஒரே நாளில் ஊர் திரும்புகிறார்கள். பஸ்ஸில் இருவரும் மறுபடி மச்சான்கள். யன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் அங்கே எழும் பிணக்கு காலால் நடப்பதன் பாற்பட்டதன்று. ஆகவே அதைப் போக்குவரத்துத் துறை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.