கனம் கோர்ட்டாருக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: சென்னை உயர் நீதிமன்றம்
பொருள்: இடைக்காலத் தடைகளுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

கனம் கோர்ட்டார் அவர்களுக்கு,

தடை உத்தரவு வாங்கியவன் வசைபாடத்தான் எழுதுவான் என்று எண்ண வேண்டாம். கைம்மாறு கருதாத நன்றியோடு எழுதுகிறேன்.

1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். 1920-இல் பின்னி கம்பெனியின் அந்தப் பெரம்பூர் மில்லில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. கம்பெனி தங்கள் வாசலுக்கு வந்தது. தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாது என்று சங்கத்தாருக்குத் தடை விதித்தீர்கள். கதவைப் பூட்டியது கம்பெனி, ஒப்பந்தத்தை உடைத்தது சங்கம்! இந்த நுட்பம் நூல் நூற்கிற எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில், வாடியா சங்கத்தை விட்டே விலகுவது என்று சமரசம் ஆயிற்று.

ஆனால் அந்தத் தடை மட்டும் வராதிருந்தால், சங்கங்களுக்கென்று ஒரு சட்டம் வேண்டுமென்று யாருக்குத் தோன்றியிருக்கும்? 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் அதற்கான தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பதற்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்கு நிற்காது என்றது அதன் 18-ஆம் பிரிவு. எங்கள் தலைவர்கள் மேடை போட்டுக் கேட்டாலும் கிடைத்திராத பாதுகாப்பு, தங்கள் ஒரே உத்தரவால் கிடைத்தது.

டெல்லியிலுள்ள உச்ச நீதிமன்றமும் கொடையில் குறைந்ததல்ல. 2003-இல் தமிழக அரசு, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியபோது, வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. சட்டம் தங்கள் இலாகா, சரி. தார்மீகம் எப்போது தங்கள் இலாகாவுக்கு மாற்றலாகி வந்தது?

2018 ஜனவரி 4 மாலை அரசு பஸ்கள் நின்றன. ஊதிய உயர்வோடு, ஓய்வு பெற்றவர்களின் நிலுவைப் பணத்தையும் ஊழியர்கள் கேட்டார்கள். மறுநாளே தாங்கள் தடை விதித்தீர்கள். உழைத்துச் சேர்ந்த பணத்துக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பழகிய கிழவர்கள் அந்த வேகத்தைக் கண்டு மலைத்துப்போனார்கள். தடை வந்தும் பஸ் ஓடவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக நியமித்தீர்கள். பஸ் ஓடியது. முதல் நாள் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை, ஏழாம் நாள் கொடுத்தது செய்தது என்பதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் கருணைகூர்ந்து,

(அ) அடுத்த முறை மத்தியஸ்தரை முதல் நாளும் தடையை ஏழாம் நாளும் அனுப்பும்படியும்,

(ஆ) பேச்சுவார்த்தைக்கு வராத நிர்வாகம் மௌனம் காப்பதற்கு ஓர் இடைக்காலத் தடை விதிக்கும்படியும்

வேண்டிக்கொள்கிறேன். இதை அவசர மனுவாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரமாக எடுத்தால், பழக்க தோஷத்தில் தடை எங்களுக்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் தடைகளால் வளர்ந்த சங்கத்தின்
சந்தா பாக்கியில்லாத உறுப்பினன்