மூடுபனிப் படலம்

கருவி உடையோன் கருவி வேட்டல்
பனிஎனும் ஒன்றன் பொருட்டே ஆயின்
தகும்எனல் உளதே, தகாதெனல் பெரிதே.

நூற்பா என்னுடையது. உரையும் என்னுடையது. தானே நூல் செய்து தானே உரை எழுதுவது முறையா என்று கேட்பவர்கள், இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகர் அப்படித்தான் செய்தார் என்பதை நினைவிற்கொள்க. அவர் எழுதியது இலக்கணம். நான் எழுதுவது கேமரா. வேறுபாடு அவ்வளவே.

இப்படலம் என்னுதலிற்றோ எனின், சட்டைப்பையில் அடங்கும் கேமரா ஒன்று நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதே கேமராவின் பனி போர்த்திய உடன்பிறப்பை வாங்கலாமா என்பதை ஆராய்தல் நுதலிற்று. 'படலம்' என்றால் நூலின் உட்பிரிவு. மெல்லிய ஏடு போன்ற படிவும் படலமே. மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

'கருவி உடையோன்' என்றது என்னை. கருவி, ரிக்கோ ஜிஆர் 3. 2019-இல் வந்தது. மின்கலமும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம். அதாவது கால் கிலோ சின்ன வெங்காயத்தைவிட 7 கிராம் கூடுதல். ஜூம் கிடையாது. கிட்டப் போக வேண்டுமானால் கால்தான் ஜூம். இந்தச் சின்ன உடம்புக்குள், பெரிய கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரைத் திணித்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இல்லாத பொருளை மாற்ற நினைப்பதற்குத்தான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. குறை இருந்தால் பணம் போதும்.

'பனி' என்றது ஒளியைச் சிதறடிக்கும் ஃபில்டரை. 2024-இல் அதே கேமரா 'ஹெச்டிஎஃப்' என்ற பின்னொட்டோடு இன்னொரு பிறவி எடுத்தது. உடம்பு அதே, சென்சார் அதே, லென்ஸ் அதே. ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடி ஒளியின் வழியில் வந்து நிற்கும். தெருவிளக்கைச் சுற்றி, மெழுகுவர்த்தியைச் சுற்றி, ஜன்னல் விளிம்பைச் சுற்றி ஒரு மென்மையான ஒளிவளையம் கசியும். மறுபடி அழுத்தினால் பனி விலகும். இந்த ஒரே ஒரு பட்டனுக்காகத்தான் மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

'பெரிதே' என்பதில் உள்ள ஏகாரம் தேற்றமா, ஈற்றசையா என்று ஐயுறுவார்க்கு: மாதக் கடைசியில் தேற்றம்; சம்பளம் வந்த அன்று ஈற்றசை.

இனி இழப்புக் கணக்கு. புதிய கண்ணாடி சும்மா வரவில்லை. என் கேமராவில் அதே இடத்தில் என்டி ஃபில்டர் என்றொரு கறுப்புக் கண்ணாடி குடியிருக்கிறது. வருகிற ஒளியை நாலில் ஒரு பங்காகக் குறைப்பது அதன் தொழில். அதைக் காலி செய்துவிட்டுத்தான் பனியைக் குடிவைத்திருக்கிறார்கள். ஆக, கேள்வி 'பனி வேண்டுமா' என்பதல்ல. 'கூலிங் கிளாஸைக் கொடுத்துவிட்டுப் பனியை வாங்குவாயா' என்பது. சென்னையில் வாழ்கிறவனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கொன்று உண்டு: நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 விநாடி. துளையை எஃப் 2.8-க்குத் திறந்தால் ஒளி 32 மடங்கு. எனவே ஷட்டர் 1/3200-க்கு ஓட வேண்டும். லென்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இந்த இலை ஷட்டர் அகலத் துளையில் அவ்வளவு வேகம் ஓடாது, மூச்சு வாங்கும். என்டி போட்டால் 1/800 போதும். பங்குனி வெயிலில் கோயம்பேடு பூக்கடையில், பின்னணி கரையும்படி ஒரு முகத்தை எடுக்கிறவனுக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியின் அருமை தெரியும். நான் அப்படி எத்தனை முகம் எடுத்திருக்கிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டு.

பனியின் அளவு குறித்துப் புலவரிடையே வேறுபாடு உண்டு. வெளியே திருகிப் போடும் மிஸ்ட் ஃபில்டர்களைப் பின்னத்தால் சொல்வார்கள். டிஃபென் நிறுவனத்தின் பிளாக் ப்ரோ-மிஸ்ட் (பெயர் டிஃபென், சிற்றுண்டிக்குத் தொடர்பில்லை) 1/8, 1/4, 1/2 என்று பல வீரியத்தில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றைச் சொல்ல நாக்கு சுளுக்கும். நமக்கு அரைக்கால், கால், அரை என்று ஒற்றைச் சொற்கள் காத்திருக்கின்றன. 'அண்ணே, அரைக்கால் பனி ஒண்ணு குடுங்க' என்று கடையில் கேட்கலாம். கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்குக் கால் பனி தாராளம். அரை என்றால் மணமகளும் மணமகனும் ஆவியாகிவிடுவார்கள். அதற்குக் கீழே வீசம் இருக்கிறது. 1/320 ஆகிய முந்திரி வரைக்கும் நம்மிடம் சொல் உண்டு, பனிதான் இல்லை. உள்ளமைந்த பனிக்கோ ஒரே அளவுதான்: உண்டு, அல்லது இல்லை. சாம்பாரில் உப்பு போல அள்ளிப் பார்த்துச் சேர்க்க இடமில்லை.

அப்படியானால் அரைக்கால் பனி ஒன்றை வாங்கி இருக்கிற கேமராவின் முகத்தில் திருகினால் என்ன என்பாரும் உளர். திருகலாம். அதற்கு முதலில் ஓர் அடாப்டர் குழல் மாட்ட வேண்டும். மாட்டினால் கேமரா சட்டைப்பையில் நுழையாது. சட்டைப்பையில் நுழையாத சட்டைப்பைக் கேமரா என்பது மலடி மைந்தன் போல் சொல்லளவில் மட்டும் உள்ள பொருள். எனவே அக்கூற்று பொருந்தாது என்க.

பனியின் வரலாறு பெரிது. இங்கே ஒருவரை மட்டும் சொல்கிறேன், அவருக்குப் பெயரிலேயே கேமரா இருப்பதால். ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த வயதில் மாமியாருக்குக் கேமரா வாங்கிக் கொடுத்த மருமகனை நாம் நடுகல் நட்டு வணங்க வேண்டும். கேமரூன் எடுத்த முகங்களெல்லாம் சற்றே கலங்கியிருக்கும். முடி முடியாகத் தெரிய வேண்டும் என்ற கட்சியினர் 'இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் வைக்கத் தெரியவில்லை' என்று எழுதினார்கள். அவர் கவலைப்படவில்லை, கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் லென்ஸை நிறுத்திவிடுவார். குடும்பத்துக்குக் காப்பித் தோட்டம் இருந்ததால் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே காலமானார். கல்லறை மலைநாட்டில், பொகவந்தலாவையில். மூடுபனிக்குப் பஞ்சமில்லாத ஊர்.

அவருக்குப் பின் வந்தவர்கள் லென்ஸின் முன்னால் மெல்லிய பட்டுக் காலுறையைக் கட்டினார்கள். கண்ணாடியில் வாசலின் தடவினார்கள். நம் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் கவனிக்கலாம்: கதாநாயகன் துல்லியமாக நின்று வசனம் பேசுவார், அடுத்த ஷாட்டில் அதே அறையில் நிற்கும் கதாநாயகி மட்டும் ஊட்டியில் இருப்பார். அந்தப் பக்கம் லென்ஸ் செய்கிறவர்கள், சிதறலை ஒழிக்க லென்ஸுக்குப் பூச்சு மேல் பூச்சாகப் பூசினார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் துடைத்து எடுத்ததை இன்று பணம் கொடுத்துத் திரும்பப் பூசிக்கொள்கிறோம்.

கருதல் மட்டும் போதாது, காண்டல் வேண்டும் என்பதால் வீட்டிலேயே பரிசோதனை நடத்தினேன். முதலில் மூச்சுப் பனி. லென்ஸின் மேல் ஊதினால் படியும் என்பது குளிர்நாட்டார் துணிபு. மே மாதச் சென்னையில் லென்ஸே என் மூச்சைவிடச் சூடாக இருந்தது. எதுவும் படியவில்லை, எனக்குத் தலைசுற்றியதுதான் மிச்சம். ஏசி பேருந்திலிருந்து இறங்கியவுடன் எடுத்தபோது அரைக்கால், கால், அரை, முக்கால் என்று எல்லாப் பனியும் ஒரே நிமிடத்தில் கிடைத்தது. கடலோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியைக் கண்டால் விடாது. ஆனால் நமக்கு வேண்டிய வீரியத்தில் அது நிற்பதில்லை. வளர்ந்துகொண்டே போகிறது, கடன் போல. வடை தின்ற விரலால் ஒரு பழைய யுவி கண்ணாடியில் லேசாக இழுத்தேன். விரல் எந்தத் திசையில் இழுத்ததோ அதற்குக் குறுக்கே ஒளி வாள் போல நீண்டது. ஆட்டோ ஹெட்லைட்டுக்கு அழகு, முகத்துக்கு ஆகாது. கொசுவலைத் துண்டு ஒவ்வொரு விளக்கையும் சிலுவையாக்கிற்று. மல் வேட்டி எதையுமே காட்டவில்லை.

இங்கே ஓர் ஆசங்கை. என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, எடுத்த படத்துல ஆப்ல ஒரு ஸ்லைடர தள்ளுனா போதும். இதுக்கு எதுக்குக் கேமராவ மாத்துறீங்க?"

இதுவே இந்நூலின் வலுவான பூர்வபட்சம். விடை: அவ்வாறன்று. சென்சார் ஒரு படி போன்றது. என் கேமரா ஒளியை 14 பிட்டில், அதாவது 16,384 படிநிலைகளில் அளக்கிறது. படி நிறைந்தபின் எவ்வளவு கொட்டினாலும் அளவு ஏறாது. இரவில் டீக்கடை வெளிச்சத்துக்குச் சரியாக ஒரு படம் எடுத்தால், ட்யூப்லைட்டின் கீழ் நிற்பவரின் வெள்ளை வேட்டியும் படியின் விளிம்பைத் தொடும். பின்னால் வரும் பைக்கின் ஹெட்லைட்டும் அதே விளிம்பில்தான் நிற்கும். உண்மையில் ஹெட்லைட் வேட்டியைவிடப் பன்மடங்கு பிரகாசம். ஆனால் படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. ஆப்புக்கு வேட்டியும் விளக்கும் ஒன்று. இரண்டுக்கும் சமமாக வளையம் போடும். வேட்டி கட்டியவர் திருவாசியோடு டீ குடிப்பார். கண்ணாடிப் பனியோ, படியில் விழுவதற்கு முன்பே ஒளியைப் பிடித்துச் சிதறுகிறது. அங்கே ஹெட்லைட் ஹெட்லைட்டாகவே இருக்கிறது. அதன் சிதறல் பெரிது. வேட்டியின் சிதறல் கண்ணுக்கே தெரியாது. எனவே பனி முன்னே விழ வேண்டும். பின்னே விழுந்தால் அது பவுடர். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: முன்னே விழுந்த பனியைப் பின்னால் எந்த ஸ்லைடராலும் துடைக்க முடியாது.

அக்கா மகன் "சரி மாமா" என்றான். ஏற்றுக்கொண்டதற்கான சரி அல்ல அது.

ஒளிவளையம் நமக்குப் புதிதும் அல்ல. 'அகல் வட்டம் பகல் மழை' என்று நிலவின் பரிவேடத்தைப் பார்த்து வானிலை சொன்னவர்கள் நாம். அங்கே மேகத்தில் உள்ள பனிப்படிகம் ஒளியை வளைக்கிறது. இங்கே கண்ணாடியில் உள்ள நுண்துகள் சிதறடிக்கிறது. வகை வேறு, மயக்கம் ஒன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து இரண்டாம் நூற்பா செய்தேன்.

நீக்கற் பாலது அழகெனப் படுமே;
நீங்காது நிற்பின் நோயெனப் படுமே.

உரை: இங்குதான் படலத்தின் மூன்றாம் பொருள். கண்ணில் விழுவதும் படலமே. மருத்துவர் அதைப் புரை என்பார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. அப்போதெல்லாம் சாயங்காலம் மாடியில் நின்றுகொண்டு, "தெருவிளக்கச் சுத்தி மல்லிப்பூப் பந்து வெச்ச மாதிரி இருக்குடா" என்பாள். நாங்கள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் ஒன்றை வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே உண்மையான அப்கிரேடு அதுதான். நான் விரும்புவதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. கட்டு பிரித்த மறுநாள் அம்மா அடுப்படி அலமாரியைப் பார்த்து, "இவ்வளவு தூசியோடயா இத்தன நாள் இருந்தோம்!" என்று எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுத் துடைத்தாள். அன்று இரவு மாடிக்குப் போனவள், "விளக்கெல்லாம் முண்டமா நிக்குது" என்றாள். அவள் குறையாகச் சொன்னாளா, செய்தியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கார்த்திகை அன்று நண்பர் ஒருவர் தன் ஹெச்டிஎஃப் கேமராவை ஒரு ராத்திரிக்கு இரவல் கொடுத்தார். வாசலில் அகல் வரிசை. கைப்பிடிச் சுவரில் கேமராவை அசையாமல் வைத்து, பனி இல்லாமல் ஒன்று, பனியோடு ஒன்று. இரண்டையும் அஞ்சலட்டை அளவில் பிரின்ட் போட்டு, எது எது என்று சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினேன். முதல் படத்தைப் பார்த்து, "மூணாவது வெளக்குல திரி சரியில்ல, எண்ணெய் வழிஞ்சிருக்கு" என்றாள். இரண்டாவதை வாங்கி ட்யூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்க் கிட்டத்தில் பிடித்தாள், தூரத்தில் பிடித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது என் ஆபரேஷனுக்கு முந்தி எடுத்ததாடா?"