காசு கேட்காத தட்டு

பெய்ஜிங்கில் நல்ல கொரியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் கை காட்டுவது வடகிழக்கே இருக்கும் வாங்ஜிங் பக்கம். 1992இல் சீனாவும் தென்கொரியாவும் தூதரக உறவு வைத்துக்கொண்ட பிறகு வந்திறங்கிய கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு குடியேறிய பேட்டை அது. படிக்க வந்த பிள்ளைகள் பல்கலைக்கழகங்களை ஒட்டிய வூதாவ்கோவில் தங்கினார்கள். ஆக, பேட்டையைக் கண்டுபிடிப்பதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. அங்கே போய் இறங்கிய பிறகுதான் வெளிநாட்டுக்காரனுக்குச் சோதனை. மாடிக்கு மாடி கொரியக் கடை. வாசலில் சிரிக்கும் பன்றி பொம்மை (தன்னைத்தான் உள்ளே சுடுகிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்), சுவரெல்லாம் நாடக நட்சத்திரங்கள். சீன எழுத்தும் தெரியாது, கொரிய எழுத்தும் தெரியாது என்பவனை எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் மிரட்டும். என் கட்சி இதுதான்: பலகையையும் பன்றியையும் விட்டுவிடுங்கள். கேட்காமலே மேசைக்கு வந்து சேரும் சின்னச் சின்னத் தொடுகறித் தட்டுகளை மட்டும் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. கொரிய வழக்கப்படி கிம்ச்சி என்னும் காய்கறி ஊறுகாயும் கூட வரும் தொடுகறிகளும் இலவசம். தீர்ந்தால் மறுபடியும் வரும். சீனச் சாப்பாட்டுக்கடையில் ஒரு தட்டு வெள்ளரிக்காய் கேட்டாலும் அது மெனுவில் விலையோடு இருக்கும் பதார்த்தம். பல ஊர்களில் பிளாஸ்டிக் உறை போட்டு வரும் கிண்ணம், தட்டுக்கே தனிக் காசு வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் சும்மா கொடுக்கும் ஐந்தாறு தட்டு முதலாளியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். வாடகை ஏறினால் முதலில் கத்தி விழுவது அங்கேதான். இறைச்சியை எவனும் ஒழுங்காகத்தான் வைப்பான். அதற்குக் காசு வாங்குகிறான், வாடிக்கையாளனும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறான். யாரும் சண்டை போடாத இடத்தில்தான் ஆளின் குணம் தெரியும். முளைகட்டிய சோயாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காலையில் வேகவைத்து நல்லெண்ணெய் விட்டுப் பிசறியதென்றால் தலை மஞ்சளாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். நேற்றையது என்றால் தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, வால் துவண்டு கிடக்கும். முள்ளங்கிக் கிம்ச்சிக்குப் பதிலாகப் பளீர் மஞ்சளில் இனிப்பு முள்ளங்கி மட்டும் வந்தால், அது பாக்கெட் பிரித்துக் கொட்டியது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கொரியர்கள் கூட்டமாகச் சாப்பிடும் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தால் போதாதா என்பார்கள். போதாது. கூட்டமாக வரும் கொரியர்கள் பெரும்பாலும் ஆபீஸ் விருந்துக்கு வந்தவர்கள். கடையைத் தேர்ந்தெடுத்தவர் மேனேஜர். அவருக்கு முக்கியம் கார் நிறுத்த இடம், கணக்கு காட்ட ரசீது, பக்கத்திலேயே கரோக்கே. நாலாவது சோஜு பாட்டிலுக்கு மேல் நாக்கு சாட்சி சொல்லும் நிலையில் இருப்பதில்லை. பகல் வேளையில் தனியாக வந்து ஒரு சட்டி குழம்பும் சோறும் தின்னும் நடுத்தர வயதுக் கொரியரை வேண்டுமானால் நம்பலாம். சரி, செயலி? ஷாங்காயில் 2003இல் பிறந்த தியான்பிங் என்ற உணவக விமர்சனத் தளத்தில் நட்சத்திரம் குத்தாத சீன நகரவாசி அபூர்வம். ஆனால் படம் போட்டு நாலு வரி புகழ்ந்தால் ஒரு குளிர்பானம் இலவசம் என்று கடைக்காரரே மேசையில் அட்டை வைக்கிறார். போதாக்குறைக்கு, 2014 வாக்கில் ஒரே ஒரு கொரிய நாடகத்தின் கதாநாயகி முதல் பனிக்கு வறுத்த கோழியும் பீரும் வேண்டும் என்றதும் சீனா முழுக்கக் கோழிக்கடை முன்னால் வரிசை நின்றது. அந்த நட்சத்திரங்களில் எத்தனை கோழிக்கு, எத்தனை கதாநாயகிக்கு என்று யார் பிரிப்பது?

விடாப்பிடியான ஒரு கூட்டம் உண்டு: ‘அங்கே சமைப்பவர்கள் யான்பியன்காரர்கள், அசல் கொரியர்களே இல்லை.’ ஜிலின் மாகாணத்தில் 1952இல் அமைந்த யான்பியன் கொரியத் தன்னாட்சிப் பகுதியின் கொரிய மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பித் துமென் ஆற்றைக் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பகுதியிலுள்ள யான்ஜி நகரத்தின் இனிப்பும் புளிப்புமான குளிர் நூடுல்ஸ் சியோலில் கிடைப்பதுபோல இருக்காதுதான். அதற்காக அது போலியாகிவிடுமா? அசல் என்று கொடி பிடிப்பவர்களுக்கு இன்னொரு சேதி. தென்கொரியா இறக்குமதி செய்யும் கிம்ச்சி அநேகமாக முழுவதும் சீனாவிலிருந்து போவது. சியோல் சாப்பாட்டுக்கடைகளில் அதன் பிறந்த ஊரைப் பலகையில் எழுதி மாட்டியாக வேண்டும். சியோலில் உட்கார்ந்து தின்னும் சீன ஷாந்தோங் தொழிற்சாலைக் கிம்ச்சியைவிட, வாங்ஜிங்கில் ஒரு யான்ஜிக்கார அம்மா உப்புப் போட்டு வைத்த முட்டைக்கோஸ் எந்த விதத்தில் குறைச்சல்?

நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான்: தொடுகறி வரும்போது ஆர்டர் கொடுத்தாகிவிட்டதே, இனி எழுந்து ஓடவா முடியும்? அதற்குத்தான் முதல் தடவை பகலில் போய் ஒரு சட்டிக் குழம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுட்ட இறைச்சி பல கடைகளில் இரண்டு பேர் அளவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். குழம்பைத் தனி ஆள் சாப்பிடலாம், நஷ்டமும் சின்னது. அதுவும் வேண்டாம் என்றால், உட்காருமுன் பக்கத்து மேசைத் தட்டுகளைத் தாராளமாக எட்டிப் பார்க்கலாம். உள்ளூர்க்காரன் செய்தால் முறைப்பார்கள். மொழி தெரியாத வெளிநாட்டுக்காரன் செய்தால், பாவம், எதைக் காட்டி ஆர்டர் கொடுப்பது என்று தேடுகிறான் என நினைத்து, அவர்களே தட்டை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள்.